முதலில் பென்சில், பிறகுதான் கணினி

(சிறு தொழில்களும் இணையமும் பற்றிய தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சிப் படைப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசிய இருவரும் பெரிய விஷயங்களைப் பேசினார்கள். ஒருவர் கடனுதவி பற்றிச் சொன்னார். இன்னொருவர் விளம்பரம் பற்றிச் சொன்னார். நான் கொஞ்சம் சின்ன விஷயம் பேசப்போகிறேன். ஒரு தாள், ஒரு பென்சில், ஓர் அழிப்பான். இந்த மூன்றும் இல்லாமல் இணையத்தளம் கட்டப் போனால் என்ன ஆகும் என்பதை என் குடும்பத்தில் நடந்த ஒரு சம்பவத்திலிருந்தே சொல்கிறேன்.

அத்தையின் முறுக்கு

என் அத்தை ஒருவர் வீட்டிலிருந்தே தீபாவளிப் பலகாரம் செய்து விற்பவர். முறுக்கு, அச்சு முறுக்கு, ஓமப்பொடி, அதிரசம், நெய் உருண்டை. இருபது ஆண்டு அனுபவம். தீபாவளிக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போதே தொலைபேசி அடிக்கத் தொடங்கிவிடும். அத்தை ஒரு பழைய நாட்குறிப்பில் எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்வார். யாருக்கு எத்தனை டப்பா, எந்த நாளில் வந்து எடுப்பார்கள், யார் பாதிப் பணம் கொடுத்துவிட்டார்கள், எல்லாம் அதில் இருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன்னால், "இந்தக் காலத்தில் யார் அத்தை நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்கிறார்கள்? ஓர் இணையத்தளம் செய்துவிடுவோம்" என்று சொன்னது வேறு யாருமில்லை, நான்தான். தொலைக்காட்சியில் வேலை பார்க்கிறவன், பலதுறைத் தொழிற்கல்லூரியில் மக்கள் தொடர்புத் துறையில் பட்டயம் வாங்கியவன். அத்தையும் நம்பிவிட்டார்.

தளம் வடிவமைப்பவர் ஒருவரைப் பிடித்தோம். நல்ல வேலைக்காரர். ஒரே வாரத்தில் முகப்புப் பக்கத்தின் மாதிரிப் படத்தைக் கொண்டு வந்து என் பெரிய திரையில் போட்டுக் காட்டினார். பார்த்தால் பத்திரிகை அட்டை மாதிரி இருந்தது. பித்தளைத் தட்டில் முறுக்கு, பக்கத்தில் குத்துவிளக்கு, மேலே பொன்னிற எழுத்து. குடும்பமே கூடி உட்கார்ந்து கருத்துச் சொன்னோம். "சிவப்பு கொஞ்சம் குங்குமச் சிவப்பாக இருக்கட்டும்" என்றார் மாமா. "விளக்கு அசைகிற மாதிரி செய்ய முடியுமா?" என்றாள் அத்தை மகள். இரண்டு வாரம் இப்படியே போனது. அந்த இரண்டு வாரத்தில் ஒருவர்கூடக் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. வாடிக்கையாளர் முறுக்கு வாங்க எங்கே தொட வேண்டும்?

தளம் வந்தது. அத்தை தம் வாடிக்கையாளர்களிடம், "இனிமேல் போன் வேண்டாம், எல்லாம் இணையத்தில்" என்று சொல்லிவிட்டார். நான்தான் சொல்லச் சொன்னேன். முதல் வாரத்தில் வந்தவை இரண்டே ஆர்டர்கள். ஏன் என்று விசாரித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. அத்தையிடம் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் அறுபது வயதைக் கடந்த பெண்கள். கையில் இருப்பது கைப்பேசி. நாங்கள் பெரிய திரையில் பார்த்து மயங்கிய பக்கம் கைப்பேசியில் நீண்டு தொங்கியது. ஆர்டர் செய்யும் பொத்தான், ஐந்தாறு முறை விரலால் தள்ளினால்தான் கண்ணில் படும். அதைக் கண்டுபிடித்தவர்களுக்கும் இன்னொரு சங்கடம். படிவத்தில் பெயர் உண்டு, மின்னஞ்சல் உண்டு, முகவரி உண்டு. எந்த நாளில் வந்து எடுத்துக்கொள்கிறீர்கள் என்ற கேள்வி இல்லை!

அந்த ஆண்டு அத்தை வாங்கி வைத்த மாவில் பாதி அப்படியே நின்றுவிட்டது. தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கும்போது அக்கம்பக்கத்து வீடுகளுக்குச் சும்மாவே கொடுத்தார். என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. "நோட்டுப் புத்தகத்தை எங்கேடா தம்பி வைச்சே?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி இன்றுவரை என் காதில் இருக்கிறது.

தளம் செய்து கொடுத்தவரை நான் குறை சொல்ல மாட்டேன். நாங்கள் கேட்டதை அவர் செய்து கொடுத்தார். நாங்கள் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை.

எலும்பைக் காட்டும் படம்

தளம் கட்டுகிறவர்கள் மூன்று சொற்களைப் பயன்படுத்துவார்கள். வயர்ஃபிரேம், மாக்கப், புரோட்டோடைப். மிரள வேண்டாம். மூன்றும் எளிய விஷயங்கள்தாம்.

வயர்ஃபிரேம் என்பது எலும்புக்கூடு. ஒரு பக்கத்தில் எது மேலே, எது கீழே, எதைத் தொட்டால் எங்கே போகும் என்பதைக் கட்டங்களாலும் கோடுகளாலும் காட்டும் படம். வண்ணம் கிடையாது, புகைப்படம் கிடையாது. ஒரு பெட்டி போட்டு அதற்குள் பெருக்கல் குறி இட்டால் அங்கே ஒரு படம் வரும் என்று பொருள். ஓரம் வளைந்த சின்னப் பெட்டி என்றால் பொத்தான். மாக்கப் என்பது அந்த எலும்புக்கு மேல் தோலும் துணியும் போட்ட மாதிரித் தோற்றம். வண்ணம், எழுத்துரு, படம் எல்லாம் அதில் வரும். புரோட்டோடைப் என்பது தொட்டால் அடுத்த பக்கத்துக்கு நகரும் முன்மாதிரி. உள்ளே உண்மையான கடை இருக்காது. ஆனால் கடைக்குள் நடந்து பார்த்த அனுபவம் கிடைக்கும்.

நாங்கள் செய்த தவறு என்ன? எலும்பைப் பார்க்காமல் நேரே துணி எடுக்கப் போய்விட்டோம். அழகாக முடிந்த ஒரு படத்தை ஒருவரிடம் காட்டினால் அவர் வண்ணத்தைப் பற்றித்தான் பேசுவார். அது மனித இயல்பு. பென்சிலால் கிறுக்கிய ஒரு தாளைக் காட்டுங்கள். "இதென்ன, விலையைக் காணோமே?" என்று கேட்பார். வேலை முடியவில்லை என்பது தெரிவதால் தாராளமாகக் குறை சொல்வார். நமக்கு வேண்டியது அந்தக் குறைதான்.

எங்கள் தொலைக்காட்சித் துறையில் இது புதிதில்லை. ஒரு காட்சியை எடுப்பதற்கு முன்னால் ஸ்டோரிபோர்டு வரைவோம். 1930களின் தொடக்கத்தில் வால்ட் டிஸ்னியின் கூடத்தில் வளர்ந்த பழக்கம் அது. கேலிச்சித்திரப் படத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் தாளில் வரைந்து சுவரில் வரிசையாகக் குத்தி வைத்தார்கள். பிடிக்காத தாளைக் கழற்றி எறிவது சுலபம், வரைந்து முடித்த படச்சுருளை எறிவது கஷ்டம். சத்யஜித் ராய் 1955-இல் வெளிவந்த பதேர் பாஞ்சாலியை எடுத்தபோது அவரிடம் முழுமையான திரைக்கதைப் பிரதி இருக்கவில்லை. காட்சிகளை வரைந்து குறிப்பெழுதிய தாள்களைக் கொண்டே வேலை செய்தார். அந்தப் படங்களைத்தான் தயாரிப்பாளர்களிடம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினார். உலகம் போற்றும் படமே பென்சிலில் தொடங்கியிருக்கும்போது நம் முறுக்குக் கடைக்கு என்ன கெளரவக் குறைச்சல்?

இன்னொரு கதையும் சொல்ல வேண்டும். 1996-இல் வெளிவந்த பாம் பைலட் என்ற கையடக்கக் கருவி உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். அதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், கருவியைச் செய்வதற்கு முன்னால் அதே அளவில் ஒரு மரக்கட்டையை வெட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். யாராவது சந்திக்க நேரம் கேட்டால் கட்டையை எடுத்து, அதில் எழுதுவதுபோல் பாவனை செய்து பார்ப்பார். பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ! ஆனால் பைக்குள் எவ்வளவு பெரிய பொருள் அடங்கும், ஒரு நாளில் எதற்கெல்லாம் கை அதைத் தேடும் என்பது அவருக்கு அந்த மரத்துண்டிலிருந்தே தெரிந்தது.

சாப்பாட்டு மேசையில் ஒரு பிற்பகல்

அடுத்த ஆண்டு தீபாவளிக்கு நான்கு மாதம் இருக்கும்போது அத்தை வீட்டுக்குப் போனேன். இந்தத் தடவை கணினியை எடுத்துப் போகவில்லை. ஒரு கட்டு ஏ4 தாள், பென்சில், ஒட்டுத்தாள் இவ்வளவுதான்.

நீங்களும் செய்து பார்க்கலாம், முறையைச் சொல்கிறேன். தாளைக் குறுக்காக வையுங்கள். அதன்மேல் உங்கள் கைப்பேசியை வைத்து ஓரத்தைச் சுற்றிக் கோடு போடுங்கள். ஒரு தாளில் மூன்று கைப்பேசிகள் வரும். ஒவ்வொன்றும் ஒரு திரை. உண்மையான அளவிலேயே வரைவதால், நான்கு பொத்தான்களை ஒரே வரிசையில் திணிக்கப் பார்த்தால் அங்கேயே குட்டு வெளிப்பட்டுவிடும். விரலால் தொடும் பொத்தான் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்குக் கூகல் சொல்லும் கணக்கு ஏறத்தாழ 9 மில்லிமீட்டர். அளவுகோல் வைத்துப் பாருங்கள், நம் சுண்டுவிரல் நகத்தைப் போல அவ்வளவுதான். அதற்குக் கீழே போனால் வயதானவர்கள் ஒன்றைத் தொடப் போய் இன்னொன்றைத் தொடுவார்கள்.

தாளின் தலையில் ஒரே ஒரு வேலையை எழுதினோம். "இரண்டு டப்பா முறுக்கு, சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்ள வேண்டும்." பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்று அத்தையைக் கேட்டால் அவருக்குத் தெரியாது. ஆனால் வாடிக்கையாளர் போன் செய்தால் முதலில் என்ன கேட்பார்கள் என்று கேட்டேன். தயங்காமல் சொன்னார்: "எப்ப கிடைக்கும்னு கேப்பாங்க. அப்புறம் அச்சு முறுக்குல முட்டை இருக்கான்னு கேப்பாங்க. கடைசியிலதான் விலை கேப்பாங்க." இருபது ஆண்டு அனுபவம் மூன்று வாக்கியத்தில் வந்துவிட்டது. முந்தின ஆண்டு நாங்கள் அதைக் கேட்கவே இல்லை.

அந்த வரிசையிலேயே திரைகளை வரைந்தோம். பிறகு அதை ஐந்து பேரிடம் கொடுத்துப் பார்த்தோம். ஏன் ஐந்து? இணையத்தளங்களின் பயன்பாட்டை ஆராய்கிற ஜேக்கப் நீல்சன் 2000-ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார். ஐந்து பேரிடம் சோதித்தால் பெரும்பாலான குறைகள் வெளியே வந்துவிடும். அதற்குமேல் ஆள் கூட்டுவதைவிட, திருத்திவிட்டு மறுபடியும் ஐந்து பேரிடம் சோதிப்பது மேல் என்பது அவர் வாதம்.

சோதனை செய்வதும் விளையாட்டு மாதிரிதான். நான் கணினியாக நடித்தேன். வந்தவர் தாளில் எங்கே விரல் வைக்கிறாரோ அதற்கேற்ற அடுத்த தாளை அவர் முன்னால் வைப்பேன். வாய் திறக்கக் கூடாது. இதுதான் எனக்கு மிகவும் சிரமமாக இருந்தது. தொலைக்காட்சியில் பேசிப் பிழைக்கிறவனை வாயை மூடிக்கொண்டு இரு என்றால் எப்படி?

எதிர்வீட்டுப் பாட்டி வந்தார். பொத்தானை விட்டுவிட்டு முறுக்குப் படம் வரவேண்டிய பெட்டியின்மேல் விரல் வைத்தார். ஒருமுறை அல்ல, மூன்று முறை. சரி, படத்தைத் தொட்டாலும் ஆர்டர் பக்கம் வரட்டும் என்று மாற்றினோம். மாமாவின் நண்பர் வந்தார். "நான் எத்தனை டப்பா போட்டேன்னு எங்க தெரியும்?" என்றார். கூட்டுத்தொகை காட்டும் வரி ஒன்று சேர்ந்தது. அத்தை மகளின் தோழி வேலைக்குப் போகிறவள். "இரவு எட்டு மணிக்கு மேல்தான் எனக்கு வர முடியும்" என்றாள். எடுக்கும் நாளோடு நேரமும் சேர்ந்தது. நான்காவது ஆள் கேட்டது தொலைபேசி எண். அதை எல்லாத் திரைக்கும் மேலே கொண்டு போனோம். ஐந்தாவதாக வந்தவர் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. மாமாவின் நண்பர் நின்ற அதே இடத்தில் அவரும் நின்றார். போதும் என்று எழுந்தோம்.

செலவு? தாள் ஒரு கட்டுக்குக்கூட வராது. அழித்து எழுதியது மட்டும் ஏழெட்டுத் தடவை இருக்கும். அந்த ஏழெட்டு மாற்றத்தையும் கட்டி முடித்த தளத்தில் செய்யச் சொல்லியிருந்தால், ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு வந்திருக்கும்.

எந்தக் கருவி யாருக்கு?

"எல்லாவற்றையும் தாளிலேயே செய்ய முடியுமா?" என்று கேட்பீர்கள். முடியாது. வெளியூரில் இருக்கும் தளம் கட்டுபவருக்கு அனுப்ப வேண்டும், கைப்பேசியிலேயே தொட்டுப் பார்க்க வேண்டும் என்று வந்துவிட்டால் கணினி தேவைதான். சந்தையில் கருவிகள் ஏராளம். ஒரு கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது நான் ஐந்து கேள்விகள் கேட்பேன். ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ள முடியுமா? என்னோடு மேசையில் உட்காரும் மற்றவர்களும் பணம் கட்டாமல் திறந்து பார்க்க முடியுமா? கைப்பேசி அளவில் காட்டுமா? தமிழ் எழுத்து உடையாமல் வருமா? நாளைக்கு அந்த நிறுவனம் கடையைச் சாத்திவிட்டால் என் வேலையை வெளியே எடுக்க முடியுமா?

முதல் சிபாரிசு உங்களிடம் ஏற்கெனவே இருப்பது. பவர்பாயிண்ட், அல்லது இலவசமாகக் கிடைக்கும் கூகல் ஸ்லைட்ஸ். பக்க அளவை மாற்றி, அகலம் 9 சென்டிமீட்டர், உயரம் 19 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சில்லு ஒரு திரை. ஒரு பெட்டி வரைந்து, அதைத் தொட்டால் நான்காவது சில்லுக்குப் போ என்று இணைப்புக் கொடுக்கலாம். காட்சி முறையில் ஓட்டினால் தொட்டு நகரும் முன்மாதிரி தயார். தமிழும் சிக்கலில்லாமல் வரும். பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த கருவி என்பதால் வீட்டில் சொல்லித்தர ஆள் தேட வேண்டியதில்லை.

இரண்டாவது எக்ஸ்காலிட்ரா. 2020-இல் தொடங்கியது. உலாவியைத் திறந்தால் போதும், பெயர் பதிய வேண்டாம், பணம் கட்ட வேண்டாம். அதன் கோடுகள் கையால் வரைந்ததுபோல் கொஞ்சம் நெளிந்து வரும். அந்த நெளிவுக்கு ஒரு பயன் உண்டு. பார்ப்பவருக்கு இது இன்னும் முடியவில்லை, குறை சொல்லலாம் என்று அது அறிவித்துவிடும்.

இதே எண்ணத்தை முன்பே தொழிலாக்கியவர் கியாகோமோ குயிலிசோனி. நண்பர்கள் பெல்டி என்று அழைப்பார்கள். அடோபி நிறுவனத்தில் வேலை பார்த்தவர், அதை விட்டுவிட்டு 2008-இல் பால்சமிக் என்ற நிறுவனத்தை இத்தாலியில் தொடங்கினார். பொத்தான், பட்டியல், தேடல் பெட்டி, நாள்காட்டி எல்லாம் கிறுக்கல் வடிவில் தயாராக இருக்கும். இழுத்துப் போட வேண்டியதுதான். சந்தா கட்ட வேண்டும். மாதத்துக்கு ஒரு தளம் செய்கிறவருக்கு அது பயன்படும். ஆயுளில் ஒரு தளம் செய்யப்போகிற முறுக்குக் கடைக்குத் தேவையில்லை.

மூன்றாவது படியில் இருப்பது ஃபிக்மா. டிலன் ஃபீல்டும் இவான் வாலஸும் 2012-இல் தொடங்கிய நிறுவனம். தொழில்முறை வடிவமைப்பாளர்களிடம் இன்று பரவலாகப் புழங்குவது இது. உலாவியிலேயே ஓடும். ஒரே படத்தில் பலர் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம். தொடக்க நிலைக்கு இலவசத் திட்டமும் உண்டு. தமிழுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருக்களைப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை. அதில் வசதிகள் அதிகம். நிழல், வளைவு, வண்ணச் சாயல் என்று விளையாடத் தொடங்கினால் இரவு பன்னிரண்டு மணி ஆகிவிடும், ஆர்டர் பொத்தான் எங்கே என்ற கேள்வி மறுபடியும் மறந்து போகும். ஃபிக்மா போன்ற ஒன்றே வேண்டும், ஆனால் திறந்த மூலமாக, இலவசமாக வேண்டும் என்பவர்களுக்கு ஸ்பெயினில் உருவான பென்பாட் இருக்கிறது.

கடைசிக் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்விஷன் என்ற கருவியை ஒரு காலத்தில் வடிவமைப்பாளர்கள் பலரும் பயன்படுத்தினார்கள். 2024 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அந்தச் சேவை முடிந்துவிட்டது. அடோபி 2022-இல் ஃபிக்மாவை 2,000 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கப்போவதாக அறிவித்தது. ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் கட்டுப்பாட்டு அமைப்புகள் கேள்வி எழுப்பின. 2023 டிசம்பரில் அந்த ஒப்பந்தம் கைவிடப்பட்டது. யானைகள் இப்படி மோதிக்கொள்ளும் இடத்தில் நாம் புல்லாக இருக்கக் கூடாது. எந்தக் கருவியில் வரைந்தாலும் வேலை முடிந்த அன்றே பிடிஎஃப் கோப்பாகவோ படமாகவோ ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

இப்போது செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. "எனக்குப் பலகாரக் கடைக்கு ஒரு பக்கம் வேண்டும்" என்று ஒரு வரி எழுதினால் பளபளவென்று பக்கமே வந்து நிற்கிறது. நான் அதற்கு எதிரி அல்ல. ஆனால் எங்கள் பெரிய திரையில் வந்த அந்தப் பித்தளைத் தட்டும் குத்துவிளக்கும் எனக்கு நினைவுக்கு வருகின்றன. பளபளப்பு முதலில் வந்தால் கேள்வி பின்னால் போய்விடும். அத்தையின் அந்த மூன்று வாக்கியங்களை முதலில் எழுதிக்கொண்டு அதன்பிறகு கணினியிடம் போனால் பயனுண்டு.

தமிழில் வரையும்போது

தமிழ்த்தளம் செய்யும் நண்பர்களுக்குத் தனியாக இரண்டு வார்த்தை. வடிவமைப்பவர்கள் எழுத்து வரவேண்டிய இடத்தில் 'லோரம் இப்சம்' என்று தொடங்கும் பொருளற்ற இலத்தீன் வரிகளை நிரப்பி வைப்பார்கள். ஆங்கிலத்துக்கே அது நல்லதல்ல, தமிழுக்கு ஆபத்து. ஹோம் என்ற சின்னச் சொல்லுக்குப் போட்ட பொத்தானில் 'முகப்பு' நுழைந்துவிடும். காண்டாக்ட் என்பதற்குப் போட்ட இடத்தில் 'தொடர்புகொள்ளுங்கள்' நுழையுமா? பாதியில் ஒடிந்து இரண்டாம் வரிக்குப் போகும். நம் எழுத்துகளுக்கு மேலே சுழியும் உண்டு, கீழே வாலும் உண்டு. வரிகளுக்கு நடுவே இடைவெளி கொஞ்சம் கூடுதலாக வேண்டும். ஆகவே வயர்ஃபிரேமிலேயே உண்மையான தமிழ்ச் சொற்களை எழுதிப் பாருங்கள். 'அச்சு முறுக்கு (முட்டை சேர்ந்தது)' என்று முழுவதும் எழுதுங்கள். கிறுக்கல் வடிவ எழுத்துரு தமிழுக்குக் கிடைக்காவிட்டால் பரவாயில்லை, சாதாரண எழுத்துருவே போதும்.

இன்னொன்று, நல்ல நாளை மட்டும் வரையாதீர்கள். ஓமப்பொடி தீர்ந்து போனால் திரை என்ன சொல்லும்? தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கத்தை விட்டுவிட்டால் என்ன சொல்லும்? பேநவ் வழியாகப் பணம் அனுப்பியாயிற்று, ஆனால் திரை நின்றுவிட்டது என்றால் வாடிக்கையாளர் யாரைக் கூப்பிடுவார்? கோபம் வருவது இந்தத் திரைகளில்தான். அவற்றுக்கும் தலா ஒரு தாள் கிழியுங்கள். எழுத்தின் நிறத்தையும் கவனியுங்கள். சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்பது அனைத்துலக இணைய அணுகல் வழிகாட்டி சொல்லும் அளவு. எங்கள் குங்குமச் சிவப்பின்மேல் பொன்னிற எழுத்தை அப்படி ஒருவரும் சோதித்துப் பார்க்கவில்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த எங்களுக்குக் கண் நன்றாகத் தெரிந்தது. முறுக்கு வாங்கும் பாட்டிகளுக்கு அப்படி இல்லை.

மேசைக்கு வாருங்கள்

நேரம் ஆகிவிட்டது என்று தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். முடித்துக்கொள்கிறேன்.

தாளில் வரைந்ததைக் கூகல் ஸ்லைட்ஸில் ஏழு சில்லுகளாக்கி, ஓரத்தில் குறிப்பெழுதி, முன்பு தளம் செய்து கொடுத்த அதே நண்பரிடம்தான் கொடுத்தோம். அவர் ஏழையும் ஓட்டிப் பார்த்துவிட்டு, "போன வருஷமே இதைக் கொடுத்திருந்தா எனக்கும் எவ்வளவு நிம்மதி" என்றார். அவருக்கும் அந்தத் தோல்வி வலித்திருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. புதிய பக்கத்தில் குத்துவிளக்கு இல்லை. முறுக்கு இருக்கிறது, நாள் இருக்கிறது, தொலைபேசி எண் இருக்கிறது.

அந்தத் தீபாவளிக்கு மாவு மீதமில்லை. பழைய வாடிக்கையாளர்களில் ஒரு சிலர் திரும்பவே இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு பருவத்தில் போன நம்பிக்கை மறுபருவத்தில் முழுதாக வந்துவிடுவதில்லை. அந்தச் சிலர் அத்தைக்கு இன்னும் நினைவிருக்கிறார்கள். எனக்கும்.

அத்தை இன்றும் நாட்குறிப்பு வைத்திருக்கிறார். தளத்தில் வரும் ஆர்டர்களை இரவில் உட்கார்ந்து அதில் எழுதிக்கொள்கிறார். முன்பாக இருந்தால் சிரித்திருப்பேன். இப்போது பேனா எடுத்துக் கொடுக்கிறேன்.

ஆகவே, சிறு தொழில் செய்யும் சகோதர சகோதரிகளே, இணையத்தளம் வேண்டும் என்று நினைத்தால் முதலில் தொழில்நுட்பம் தெரிந்தவரைத் தேடி ஓடாதீர்கள். உங்கள் வாடிக்கையாளரில் ஐந்து பேரை வீட்டுக்குத் தேநீர் குடிக்கக் கூப்பிடுங்கள். மேசையில் ஒரு தாளும் பென்சிலும் வையுங்கள். அவர்கள் விரல் எங்கே போகிறது என்று பாருங்கள். அதுவரை வாயை மட்டும் மூடிக்கொண்டிருங்கள். என்னாலேயே முடிந்தது என்றால் உங்களாலும் முடியும்.